பயன்படாப் பரிசு

திருச்சிராப்பள்ளியிலிருந்து ஒரு நேயர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். கடிதம் சிறியது, அது கிளப்பும் கேள்வி சிறியதன்று. சென்ற மார்கழியில் சென்னையிலுள்ள ஒரு சங்கீத சபையார் ரஸிகர்களுக்கென ஒரு வினா-விடைப் போட்டி நடத்தினார்கள். எல்லாக் கேள்விகளுக்கும் சரியான விடை எழுதியவர்களின் பெயர்களைக் குலுக்கி, முதலில் வரும் பெயருக்குரியவருக்கு ஒரு குறிப்பிட்ட மாலைக் கச்சேரியில் முன்வரிசை ஆசனங்கள் இரண்டு பரிசளிக்கப்படும் என்பது விளம்பரம். பரிசைப் பிறருக்கு மாற்றிக் கொடுக்கலாகாது என்பதும் அதிலேயே கண்டிருந்தது. அன்றைய தினம் தமக்கு லீவு கிடைக்காதென்பது நமது நேயருக்கு முன்னமே நன்றாய்த் தெரியும். ஆயினும், விடைகள் தெரிந்திருந்தன, கைபேசியில் இரண்டு நிமிஷ வேலை, எழுதி அனுப்பினார். பரிசும் அவருக்கே விழுந்தது. அவர் போகவில்லை, போக இயலாதென்று சபையாருக்குத் தெரிவிக்கவுமில்லை. அன்றிரவு கச்சேரிக்குச் சென்றிருந்த அவருடைய மைத்துனர், ஜனங்கள் சுவரோரமாய் நின்று கேட்டுக்கொண்டிருக்க, முன்வரிசையில் இரண்டு நாற்காலிகள் மட்டும் மங்களம் பாடும் வரையில் காலியாகவே கிடந்தன என்று வந்து சொன்னாராம். "நான் செய்தது பிழையா? நண்பர்கள் சிரிக்கிறார்கள், எனக்கோ மனம் சமாதானமடையவில்லை" என்று கேட்கிறார்.

நண்பர்கள் சிரிப்பதில் ஆச்சரியமில்லை. தேசத்தில் பெரிய அநீதிகள் பல கண்ணெதிரே நடக்க, இரண்டு நாற்காலிகளைப் பற்றி ஒரு தலையங்கமா என்று நம்மையும் கேட்பார் சிலர் இருக்கக்கூடும். ஆனால் மனம் சமாதானமடையாத அந்த ஒரு மனிதரிடத்திலேதான் நமக்கு அதிக மதிப்பு. பிழைதான் என்பது நமது அபிப்பிராயம். அது ஏன் பிழையென்பதையும், எங்கே பிழை ஆகாதென்பதையும் சற்று விரித்துச் சொல்வது அவசியமென்று கருதுகிறோம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். வக்கீல் தொழிலில் பழகிய கைக்கு அதுவே எளிது. பொதுஜனங்களுக்கு விளம்பரத்தின் மூலம் ஒருவர் வாக்களித்தால், அதில் கண்ட நிபந்தனைகளை நிறைவேற்றுகிறவர் அந்த வாக்கை ஏற்றுக்கொண்டவராகிறார் என்பது 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 8-ஆவது பிரிவின் தாத்பரியம். புகைக்குண்டு மருந்து விற்ற ஒரு கம்பெனியார், தங்கள் மருந்தை விதிப்படி உபயோகித்தும் ஜுரம் கண்டவருக்கு 100 பவுன் தருவதாக விளம்பரம் செய்துவிட்டுப் பிறகு பின்வாங்கியபோது, 1892-ஆம் வருஷத்தில் லண்டன் அப்பீல் கோர்ட்டார் அவர்களைப் பணம் கொடுக்கச் செய்தார்கள். சட்டக் கல்லூரியில் கால் வைத்த எவரும் இந்த வழக்கை அறிவர். போட்டி என்பது வெறும் விளையாட்டு வார்த்தையன்று, இரு தரத்தாருக்குமிடையே ஏற்படும் ஓர் உடன்படிக்கை என்பதே இதன் சாரம்.

இந்த உடன்படிக்கையில் கொடுப்பவரைக் கட்டுவதற்கு நமது சட்டசபைகள் போதிய கயிறு திரித்திருக்கின்றன. 1955-ஆம் வருஷத்துப் பரிசுப் போட்டிச் சட்டம், மாதமொன்றுக்கு 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுப் போட்டிகளைத் தடுத்தது. அது அதிர்ஷ்டத்தை நம்பிய சூதாட்டப் போட்டிகளைப் பற்றியதே, அறிவுத் திறமையைச் சோதிக்கும் போட்டிகளைப் பற்றியதன்று என்று 1957-இல் சுப்ரீம் கோர்ட்டார் தெளிவு செய்தார்கள். பரிசு தருவதாகச் சொல்லித் தராமலிருப்பதும், போட்டி முடிந்த பின் முடிவை வெளியிடாமல் மறைப்பதும் முறையற்ற வியாபாரம் என்று 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. இவ்வளவும் கொடுப்பவருக்கு. பெறுபவருக்கோ? ஜெயித்த பரிசை ஏன் உபயோகிக்கவில்லை என்று கேட்க எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரமில்லை. சட்டம் மௌனம் சாதிக்கும் இடத்தில் மரியாதை பேச வேண்டும். ஒரு ஜன சமூகத்தின் தரத்தை அறிவதற்குப் போலீஸார் நிற்கும் இடத்தைப் பார்த்துப் பயனில்லை. அவர்கள் நிற்காத இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பரிசுகளெல்லாம் ஒரே ஜாதியல்ல. ரொக்கப் பணம் எவருக்கும் பயன்படும். அதற்குப் போட்டியிட எவரும் தயங்க வேண்டியதில்லை. பாத்திரம், புஸ்தகம், கடிகாரம் போன்ற பொருள்கள் கைமாறக்கூடியவை. தனக்கு வேண்டாவிடில் வேண்டியவருக்குக் கொடுக்கலாம். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஆகுமென்று சைக்கிளுக்குப் போட்டியிடுகிறவரைக் குறை கூறமாட்டோம். கொடுப்பதும் ஓர் உபயோகமே. ஒண்டுக் குடித்தனத்தில் வாழும் ஏழை ஒருவர், வைக்க இடமில்லையென்று தெரிந்தும் பீரோவுக்குப் பெயர் கொடுத்து, விழுந்தால் விற்று வீட்டு வாடகை கட்டுவாராயின், விதி அதைத் தடுக்காத வரையில் அவர்மேல் கல்லெறிய நமக்கு மனம் வராது. மூன்றாவது வகைதான் நமது விஷயம். ஒரு நாளுக்கும், ஓர் இடத்துக்கும், ஓர் ஆளுக்கும் கட்டுப்பட்ட பரிசு அது: கச்சேரி ஆசனம், யாத்திரைச் சீட்டு, பயிற்சி முகாமில் ஓரிடம், உபகாரச் சம்பளம் முதலியன. அந்த நாள் கழிந்தால் அந்தப் பரிசு செத்துப் போகிறது. அதை வாங்கி வைத்துக்கொண்டு உபயோகிக்காதவர் தமக்கு ஒன்றும் சேர்த்துக்கொள்ளவில்லை. அடுத்தவரிடமிருந்து எடுத்தது மட்டும் மெய். வைக்கோற்போரில் படுத்த நாயின் கதையை நமது பாட்டிமார் வேறெதற்காகச் சொல்லி வைத்தார்கள்?

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைப் புகழாத தமிழன் இல்லை. மயில் அதை உடுக்காது, போர்த்துக்கொள்ளாது என்று தெரிந்தே அவன் ஈந்தான் என்பதே அவன் கொடைக்குப் பெருமை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மயில் அந்தப் போர்வையைக் கேட்கவில்லை. குளிரில் நடுங்கும் கிழவன் ஒருவன் வரிசையில் நிற்க, அவனை முந்திக்கொண்டு மயிலே போய் நின்று போர்வையைக் கேட்டு வாங்கியிருக்குமாயின், பேகனைப் பாடிய வாய் மயிலையும் பாடியிருக்குமா? மேலும், அதியமான் தனக்குக் கிடைத்த அருநெல்லிக் கனியைத் தான் உண்ணாமல் ஒளவைக்கு அளித்தான். தனக்கு அது பயன்படாதென்பதாலன்று. தன்னைக் காட்டிலும் அவள் வாழ்வது பயன் என்று எண்ணியதால். தனக்குப் பயன்படும் பொருளையே பிறருக்கு விட்டவனைப் போற்றும் நாம், தனக்குப் பயன்படாத பொருளையும் பிறருக்கு விடாதிருப்பது எவ்வளவு வெட்கம்!

நமது காலத்துக்குச் சமீபமான திருஷ்டாந்தமும் உண்டு. 1901-இல் தென்னாப்பிரிக்காவை விட்டு இந்தியாவுக்குப் புறப்படும் சமயத்தில் காந்தியடிகளுக்கு நேட்டால் இந்தியர்கள் தங்கமும் வைரமுமாகப் பல வெகுமதிகளை அளித்தார்கள். கஸ்தூரி பாய்க்கென்று 50 கினி பெறுமான தங்க அட்டிகை ஒன்றும் அவற்றில் இருந்தது. பொதுச் சேவைக்காக வந்த பொருள் தமக்கு உபயோகமாகலாகாதென்று அன்றிரவெல்லாம் உறங்காமல் யோசித்து, அவற்றையெல்லாம் சமூகத்துக்கே உரிய தர்ம நிதியாக்கிவிட அவர் முடிவு செய்தார். அம்மையார் கண்ணீர் விட்டுத் தர்க்கித்ததையும் மறைக்காமல் அவரே தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஆசைப்படுவது மனித சுபாவம். தனக்கு உரியதன்று என்று தெரிந்ததும் அதே இரவில் அதற்கு ஒரு வழி செய்வது மனிதத்தன்மை. அவர் கேட்டு வாங்கிய பொருள்களல்ல அவை. கேட்டு, விடையெழுதி, குலுக்கலில் பெயர் சேர்த்து வாங்கும் நமக்கு அந்தக் கடமை எத்தனை மடங்கு அதிகம்!

ஆட்சேபங்கள் சில சொல்லப்படும். "குலுக்கலில் யாருடைய பெயர் வருமென்று யாருக்குத் தெரியும்? ஆயிரத்தில் ஒரு பெயர் கூடினால் என்ன நஷ்டம்?" என்பது ஒன்று. ஆயிரம் பேரும் இப்படியே எண்ணினால் என்ன ஆகுமென்பதே இதற்கு விடை. கைலாஸ மானஸ ஸரோவர யாத்திரையைப் பாருங்கள். 2020 முதல் ஐந்து வருஷம் நின்றிருந்து 2025-இல் மீண்டும் தொடங்கிய அந்த யாத்திரைக்கு 5,561 பேர் விண்ணப்பித்தார்கள். கம்ப்யூட்டர் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 750 பேர். அதாவது ஓர் இடத்துக்கு ஏழு பேருக்கு மேல். மலையேற உடம்பு இடங்கொடாதென்று வைத்தியர் சொல்லிவிட்ட பிறகும், "பெயர் வருகிறதா பார்ப்போம்" என்று ஒருவர் விண்ணப்பித்தால், ஐந்து வருஷம் காத்திருந்த வேறொரு பக்தரின் வாய்ப்பில் அவர் கை வைக்கிறார். தெய்வ தரிசனத்துக்குப் போகும் வழியில் செய்யத்தக்க காரியமா இது?

"எனக்குப் பரிசு வேண்டாம், விடை கண்டுபிடிக்கும் இன்பமே போதும்" என்பது இரண்டாவது ஆட்சேபம். இது கௌரவமான ஆட்சேபம். குறுக்கெழுத்துக் கட்டங்களை நிரப்புவதிலும், கட்டுரை எழுதித் தன் திறமையை அளந்து பார்ப்பதிலும் ஒரு களிப்பு இருக்கத்தான் செய்கிறது. அதை விலக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தக் களிப்புக்குப் பரிசு இடையூறாக வேண்டியதில்லை. விடைத்தாளின் தலைப்பிலேயே, "பரிசை நான் உபயோகிக்க இயலாது, எனக்கு விழுந்தால் அடுத்தவருக்குக் கொடுங்கள்" என்று ஒரு வரி எழுதினால் போதும். பெயரும் கிடைக்கும், பொருளும் உரிய இடம் போய்ச் சேரும். அந்த ஒரு வரியை எழுத மனம் வராதாயின், இன்பம் விடையில் இல்லை, பரிசில்தான் இருக்கிறது என்பதை அவர் தமக்குத் தாமே ஒப்புக்கொள்ள வேண்டும்.

"பெயர் கொடுத்தபோது போக முடியுமென்றே இருந்தேன், பிறகு வீட்டில் வியாதி வந்துவிட்டது" என்பது மூன்றாவது. இதில் குற்றமே இல்லை. எதிர்காலத்தை அறிந்து பெயர் கொடுக்க நாம் யாரும் ஜோசியரல்லோம். ஆனால் முடியாதென்று தெரிந்த க்ஷணத்திலேயே தெரிவித்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் அடுத்தவர் ரயிலுக்குச் சீட்டு வாங்கும் அவகாசம் போகிறது. இரண்டு நாள் தாமதித்தால் நாற்காலி காலியாகிறது. நமது திருச்சி நேயரின் பிழையில் பெரும் பகுதி இங்கேதான் இருக்கிறது. பெயர் கொடுத்தது அசட்டைத்தனம். மௌனமாயிருந்தது அதனினும் பெரிய குற்றம். ஒரு தொலைபேசிச் செய்தி அவ்வளவையும் சரிப்படுத்தியிருக்கும்.

பரிசு இலவசமென்று நினைப்பவர்கள் வரியையும் மறந்துவிடுகிறார்கள். குலுக்கல், குறுக்கெழுத்துப் போட்டி முதலியவற்றில் வென்ற தொகைக்கு நூற்றுக்கு 30 வீதம் வருமான வரி உண்டு. 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசைப் பொருளாகக் கொடுக்கும்போது, வரி செலுத்தப்பட்டதென்று உறுதி செய்துகொண்ட பிறகே கொடுப்பவர் அதைக் கையளிக்கலாம். 6 லக்ஷ ரூபாய் மோட்டார் வண்டி ஒன்று விழுந்தால், மேல் தீர்வைகளைச் சேர்க்காமலே 1,80,000 ரூபாய் கையிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். அவ்வளவு பணத்துக்கு வழியில்லாதவர் அந்த வண்டிக்குப் பெயர் கொடுப்பது, வெறுங்கையோடு ஏலத்தில் குரல் கொடுப்பதற்குச் சமானம்.

கொடுப்பவர்களையும் நாம் விட்டுவிடப் போவதில்லை. பரிசு எந்த நாளைக்கு, எந்த ஊரில், மாற்றிக் கொடுக்கலாமா கூடாதா, வரி யாருடைய பொறுப்பு என்பவற்றைப் போட்டி விளம்பரத்திலேயே கொட்டை எழுத்தில் போடுவது அவர்கள் கடமை. முதற் பெயருடன் இரண்டு மூன்று மாற்றுப் பெயர்களையும் எடுத்து வைப்பதும், இத்தனாம் தேதிக்குள் சம்மதம் தெரிவிக்காவிட்டால் பரிசு அடுத்தவருக்குப் போகுமென்று விதி வைப்பதும் செலவில்லாத ஏற்பாடுகள். இதில் நாமும் குற்றமற்றவரல்லோம். முன்பொரு சமயம் நமது பத்திரிகையின் சார்பில் நடந்த கட்டுரைப் போட்டி ஒன்றில், சட்டம் பயிலும் மாணவர்களுக்கு உதவுமென்று சட்டப் புஸ்தகங்களைப் பரிசாக வைத்தோம்; மாணவர்களே எழுத வேண்டுமென்று விதிக்க மறந்தோம். நன்றாக எழுதிய ஒரு ஜவுளி வியாபாரி அதை வென்றார். புஸ்தகங்களை வாங்கிக்கொள்ள அவர் வரவேயில்லை. பல மாதங்கள் அவை நமது காரியாலய அலமாரியில் தூசி படிந்து கிடந்தன. அவர் செய்த தவறு பாதி. நாம் செய்த தவறு பாதி. நஷ்டமடைந்ததோ இருவருமல்ல, முகம் தெரியாத ஓர் ஏழை மாணவன்.

இங்கேதான் விஷயம் நாற்காலியைக் கடந்து பெரிதாகிறது. சிறு போட்டியில் பழகிய கை பெரிய போட்டியிலும் அப்படியே நீளும். வைத்திய மேற்படிப்புக்கான பிரவேசப் பரீக்ஷையும் ஒரு போட்டிதானே? அதில் கிடைக்கும் இடமும் ஒரு பரிசுதானே? சேரும் உத்தேசமில்லாமலே ஓரிடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதைவிட நல்லது வேறெங்காவது கிடைத்ததும் கடைசி நேரத்தில் கைவிடும் வழக்கம் நாடெங்கும் பரவியிருப்பதை 2025-ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டாரே கண்டித்திருக்கிறார்கள். அகில இந்திய இடங்களுக்கும் மாகாண இடங்களுக்கும் கலந்தாய்வைக் காலம் பொருந்த நடத்த வேண்டும், கல்லூரிகள் கட்டண விவரத்தை முன்கூட்டியே வெளியிட வேண்டும், இடத்தை அடைத்து வைப்பவர்களின் முன்பணத்தைப் பறிமுதல் செய்ய வேண்டும், திரும்பத் திரும்பச் செய்பவர்களைப் பரீக்ஷையிலிருந்தே விலக்க வேண்டும் என்றெல்லாம் உத்தரவிட்டிருக்கிறார்கள். நன்று. ஆனால் சுப்ரீம் கோர்ட்டு வரையில் இது போக வேண்டியிருந்ததே நமக்குக் குறைவு. கைவிடப்பட்ட ஒவ்வோர் இடத்துக்கும் பின்னால், தரவரிசையில் ஒரு படி கீழே நின்று, தனக்கு எட்டாத இடத்துக்குப் பணங் கட்ட வழியின்றியோ, விரும்பாத பாடத்தைப் படிக்க ஒப்புக்கொண்டோ ஊர் திரும்பிய ஒரு வாலிபன் இருக்கிறான். கிராமத்தில் அவனிடம் வைத்தியம் பெற்றிருக்கக்கூடிய நோயாளிகள் இருக்கிறார்கள். காலி நாற்காலி ஓர் இரவுக்குத்தான். காலி இடமோ ஒரு தலைமுறைக்கு.

அந்த வாலிபனைப் பிடித்து, "ஏனப்பா இப்படிச் செய்தாய்?" என்று கேட்டால், "எல்லோரும் செய்கிறார்கள், விதி தடுக்கவில்லை" என்பான். நமது திருச்சி நேயரின் நண்பர்கள் சிரித்துக்கொண்டே சொன்னதும் இதுவே. சுயராஜ்யம் பெற்ற ஜனங்களின் வாயில் வரத்தக்க வார்த்தையா இது? அந்நியன் ஆண்டபோது, எடுத்தவரைக்கும் லாபமென்று ஸர்க்கார் சொத்தில் கை வைத்ததற்கு ஒரு சமாதானம் சொல்ல இடமிருந்தது. இன்று பொதுப் பொருள் நம்முடையது. அதில் நமக்கு வேண்டாததை எடுத்துப் பாழாக்கினால், பாழாவது நமது வீட்டுப் பிள்ளையின் பங்கு.

அரசியல் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறோம். உங்களூர் வாசகசாலையிலும், இளைஞர் சங்கத்திலும், கோயில் திருவிழாவிலும் பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, கோலப் போட்டி என்று நீங்களே நடத்துகிறீர்கள். மேடையேறித் தியாகத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவதைக் காட்டிலும், உங்கள் போட்டி விளம்பரத்தில் மூன்று வாக்கியங்களைச் சேர்ப்பது அதிக வேலை செய்யும்: பரிசை உபயோகிக்கக் கூடியவர்களே பெயர் கொடுக்க வேண்டும், திறமைக்காக மட்டும் கலந்துகொள்பவர்கள் அதைக் குறிப்பிட வேண்டும், வர இயலாதென்று அறிந்தவர்கள் உடனே தெரிவிக்க வேண்டும். இந்த மூன்றையும் பத்து வயதில் கற்ற பிள்ளை இருபத்து மூன்று வயதில் வைத்தியக் கல்லூரி இடத்தை அடைத்து வைக்க மாட்டான். ஐம்பது வயதில், உட்காரும் உத்தேசமில்லாத பதவிக்குப் போட்டியிட்டு வேறொருவனின் வழியை மறிக்கவும் மாட்டான்.

நமது நேயருக்கு விடை இதுவே. நீர் செய்தது பிழை. ஆனால் பெரும்பாலோர் பிழையென்றே உணராததை நீர் உணர்ந்தீர். சபையாருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதும். அடுத்த மார்கழியில் உமக்கு லீவு கிடைக்குமானால், தாராளமாய்ப் பெயர் கொடும். பரிசு விழுந்தால் மனைவியோடு போய் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்து, மங்களம் வரையில் கேளும். லீவு கிடைக்காதாயின், விடைகளை உம்முடைய மனத்துக்குள் சொல்லிச் சந்தோஷப்படும். சுவரோரமாய் நிற்கும் எவரேனும் ஒருவருக்கு அந்த நாற்காலி கிடைக்கட்டும்.